சென்னை சைக்கிள் ரூட்டுகள்: பகிர்பவர்களும் ஓட்டுபவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மேப் இணைப்பை அனுப்பினால் போதாதா? ரூட்டைப் பகிர வேறு என்ன வேண்டும்?

போதாது. வரைபடத்தில் இருக்கும் கோடு எங்கே திரும்ப வேண்டும் என்று மட்டும்தான் சொல்லும். எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்தத் திசையில் சுற்ற வேண்டும், எங்கே தார் பெயர்ந்திருக்கிறது, எங்கே தண்ணீர் கிடைக்கும், முடியாமல் போனால் எந்த இடத்தில் ரூட்டை விட்டு வெளியேறலாம் என்பதை அது சொல்லாது. ஞாயிறு விடியற்காலை 5 மணி ஓ.எம்.ஆரும் (பழைய மாமல்லபுரம் சாலை) திங்கள் காலை 8:30 மணி ஓ.எம்.ஆரும் வரைபடத்தில் ஒரே கோடுதான். சைக்கிள்காரருக்கு அவை இரண்டு வெவ்வேறு சாலைகள். நேரத்தைச் சொல்லாமல் சென்னையில் ரூட் பகிர்வது ஆபத்தான உதவி. வாங்கிக்கொண்டவர் உங்களை நம்பி, உங்களுக்குப் பழக்கமில்லாத நேரத்தில் அதில் இறங்கிவிடுவார்.

அப்படியென்றால் ரூட்டோடு சேர்த்து என்னென்ன எழுத வேண்டும்?

வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியாகப் படிக்கும் அளவுக்குச் சுருக்கமாக எழுதுங்கள். மாதிரிக்கு ஒன்று:

"திருவான்மியூர் – முட்டுக்காடு பாலம் – திருவான்மியூர். போய் வர 40 கி.மீ. அளவில். சமதளம். ஞாயிறு காலை 5:15-க்குக் கிளம்பி 7:30-க்குள் திரும்பிவிட வேண்டும். அக்கரை வரை சாலை விரிவாக்க வேலை: இடது ஓரத்தில் மணலும் ஜல்லியும் இருக்கும், முன்லைட் அவசியம். உத்தண்டி டோல்கேட்டில் இடது ஓரப் பாதை. பாலத்தில் பக்கக்காற்று. தண்ணீர்: நீலாங்கரை, கானத்தூர் கடைகள். வெளியேற: அக்கரையிலிருந்து சோழிங்கநல்லூர் இணைப்புச் சாலை. 25 மி.மீ. டயர் போதும். கடைசியாக ஓட்டிப் பார்த்தது: போன வாரம்."

கடைசி வரியைத் தயவுசெய்து விடாதீர்கள். மெட்ரோ வேலையும் மழைநீர் வடிகால் வேலையும் நடக்கும் நகரத்தில் ஆறு மாதத்துக்கு முந்தைய ரூட் பழைய ரூட்தான். நீங்கள் ஓட்டாத சாலையை வரைபடத்தில் பார்த்து ரூட்டில் சேர்த்திருந்தால், "இந்தப் பகுதி ஓட்டிப் பார்க்கவில்லை" என்று எழுதிவிடுங்கள். அதைப் படித்த பிறகு போவதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்துகொள்வார்.

"ஈஸி ரைடு", "கொஞ்சம் கஷ்டம்" போன்ற சொற்களால் பயனில்லை. மணிக்கு 28 கி.மீ. வேகத்தில் போகிறவரின் "ஈஸி" வேறு, கியர் இல்லாத சைக்கிளில் வருகிறவரின் "ஈஸி" வேறு. தூரம், எதிர்பார்க்கும் சராசரி வேகம், நிற்கும் இடங்கள் ஆகிய மூன்றையும் எண்ணாகக் கொடுங்கள்.

ஜி.பி.எக்ஸ். கோப்பு அனுப்புவது எப்படி? என் கோப்பு நண்பரின் கருவியில் திறக்கவில்லையே?

ஸ்ட்ராவா, ரைட் வித் ஜி.பி.எஸ்., கொமூட் போன்ற எந்தச் செயலியில் வரைந்திருந்தாலும் ஜி.பி.எக்ஸ். ஆக இறக்கிக்கொள்ள முடிந்தால் அதையே அனுப்புங்கள். அது வெறும் எழுத்துக் கோப்பு, வரிசையாக அட்சரேகை, தீர்க்கரேகைப் புள்ளிகள் இருக்கும். ஏறக்குறைய எல்லாக் கருவியும் படிக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது "டாக்குமெண்ட்" வழியாக அனுப்ப வேண்டும்.

திறக்காமல் போக வழக்கமான காரணங்கள் இரண்டு. ஒன்று, புள்ளிகள் மிக அதிகம். நொடிக்கு ஒரு புள்ளி பதிவு செய்யும் கருவியில் நான்கு மணி நேர ரைடு என்றால் 14,400 புள்ளிகள். பழைய கருவிகள் சில 10,000 புள்ளிக்கு மேல் ஏற்காமல் பாதியில் வெட்டிவிடும். ரைடு பதிவை அப்படியே அனுப்பாமல், அதே வழியைச் செயலியில் புதிதாக வரைந்து அனுப்பினால் சில நூறு புள்ளிகளில் முடிந்துவிடும். டீ குடிக்க நின்ற இடத்தில் ஜி.பி.எஸ். கிறுக்கிய கிறுக்கலும் அதில் இருக்காது.

இரண்டாவது காரணம், கோப்பு "டிராக்" ஆக இருக்கிறதா "ரூட்" ஆக இருக்கிறதா என்பது. டிராக் என்பது போன வழியின் நெருக்கமான புள்ளிகள். ரூட் என்பது திருப்பங்களை மட்டும் குறிக்கும் சில புள்ளிகள். ரூட் வகையைத் திறக்கும் கருவி, இரண்டு புள்ளிக்கு நடுவே தானாக ஒரு வழியைக் கண்டுபிடித்துக்கொள்ளும். நீங்கள் கவனமாகத் தவிர்த்த மேம்பாலத்தில் அது நண்பரை ஏற்றிவிடக்கூடும். அதனால் டிராக் வகையே பாதுகாப்பு.

இன்னொன்று. சென்னையின் 50 கி.மீ. சமதள ரைடில் 300 மீட்டர் ஏற்றம் என்று காட்டினால் நம்பாதீர்கள். ஜி.பி.எஸ். உயரக் கணக்கில் வரும் சிறு பிழைகள் கூடிக்கூடிச் சேர்ந்த எண் அது. பாலங்களைத் தவிர இங்கே ஏறுவதற்கு ஒன்றுமில்லை. அதைப் பார்த்துப் புதியவர் பயந்துவிடக் கூடாது.

ரூட்டைப் பகிர்ந்தால் என் வீடு எங்கே என்று தெரிந்துவிடாதா?

தெரியும். ஸ்ட்ராவாவில் தொடக்கமும் முடிவும் 1.6 கி.மீ. வரை மறைத்து வைக்கும் வசதி இருக்கிறது, அதை அமைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் கணக்கிலிருந்து நீங்களே இறக்கும் கோப்பில் வீட்டு வாசல், கிளம்பிய நேரம், சில கருவிகளில் இதயத்துடிப்பு வரை எல்லாம் பதிந்திருக்கும். பொதுக் குழுவுக்கு அனுப்பும் ரூட்டை எப்போதும் ஒரு பொது இடத்தில் தொடங்குங்கள்: பெசன்ட் நகர் கடற்கரை, திருவான்மியூர் பஸ் டெர்மினஸ், கலங்கரை விளக்கம். மற்றவர்கள் வந்து சேரவும் அதுவே சுலபம். தனியாக ஓட்டும் பெண்கள் வாராவாரம் ஒரே நாளில் ஒரே நேரத்தில் போகும் ரைடை, முடித்த பிறகு மட்டும் பொதுவில் வைப்பது நல்லது. ஓடிக்கொண்டிருக்கும்போது நேரலை இருப்பிடத்தை வீட்டில் ஒருவருக்கு மட்டும் அனுப்பினால் போதும்.

சைக்கிள் வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறது. எந்த ரூட்டில் தொடங்கலாம்?

பெசன்ட் நகர் – மெரினா. எலியட்ஸ் கடற்கரையில் ஷ்மிட் நினைவுச் சின்னத்தின் அருகே கிளம்பி, அடையாறு பாலம் தாண்டி, பட்டினப்பாக்கம், சாந்தோம், கலங்கரை விளக்கம், காமராஜர் சாலை வழியாக நேப்பியர் பாலம். போய் வர 20 கி.மீ. அளவில். 5:15-க்குக் கிளம்பினால் திரும்பும்போது சூரியன் கடலுக்கு மேல் வந்திருக்கும். வழி நெடுக நடைப்பயிற்சிக்காரர்கள், போலீஸ் வண்டி, டீக்கடை எல்லாம் இருப்பதால் பஞ்சர் ஆனாலும் தனியாக நிற்க வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியவை: சாந்தோமில் விடியற்காலையிலேயே பஸ்கள் வேகமாக வரும். கலங்கரை விளக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே கடலோரமாகப் போகும் லூப் ரோட்டில் காலையில் மீன் வியாபாரம். தரை ஈரமாக வழுக்கும், அங்கே வேகம் எடுக்காதீர்கள். கலங்கரை விளக்கம் பக்கம் மெட்ரோ வேலைத் தடுப்புகளால் சாலை குறுகியிருக்கும். ஜனவரியில் குடியரசு தின அணிவகுப்பு ஒத்திகைக்குக் காமராஜர் சாலையைக் காலையில் மூடுவார்கள். கிளம்புமுன் போக்குவரத்துக் காவல்துறை அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதையே மூன்று நான்கு வாரம் ஓட்டி, 20 கி.மீ. களைப்பில்லாமல் வந்த பிறகு இ.சி.ஆருக்கு (கிழக்குக் கடற்கரைச் சாலை) போகலாம்.

இ.சி.ஆரில் எங்கிருந்து எங்கே எவ்வளவு தூரம்? எங்கே திரும்பலாம்?

திருவான்மியூரைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டால் உத்தண்டி டோல்கேட் 13 கி.மீ. அளவில், முட்டுக்காடு பாலம் 20, கோவளம் சந்திப்பு 22, வடநெம்மேலி முதலைப்பண்ணை 27, நெம்மேலி – திருப்போரூர் பிரிவு 31, மாமல்லபுரம் 43. சரியான மீட்டர் கணக்கு நீங்கள் தொடங்கும் இடத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு கூடும் குறையும்.

முதல் 10 கி.மீ., அதாவது கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் பகுதிதான் இந்தச் சாலையிலேயே கஷ்டமானது. கடை, சிக்னல், குறுக்கே வரும் பைக், விரிவாக்க வேலை எல்லாம் அங்கேதான். அக்கரைக்குப் பிறகு சாலை திறந்துகொள்ளும், சைக்கிள் ஓட ஆரம்பிக்கும். அங்கே வேறு ஆபத்து: சனி, ஞாயிறு விடியற்காலையில் கார்களும் பெரிய பைக்குகளும் மிக வேகமாக வரும். விளிம்புக் கோட்டுக்கு இடதுபுறம் இருங்கள். ஆனால் மணலுக்குள் இறங்காதீர்கள். கடல் காற்றில் சேரும் மணல் தார் மீது மெல்லிய படலமாக இருக்கும். மெலிந்த டயரோடு அதில் பிரேக் பிடித்தால் முன்சக்கரம் விலகும்.

முட்டுக்காடு பாலத்தில் இரண்டு விஷயம். பாலத்தின் இணைப்புப் பட்டைகளை நேராகக் குறுக்கே தாண்டுங்கள், சாய்வாக ஏறினால் சக்கரம் சிக்கும். காயலிலிருந்து திடீரென்று பக்கக்காற்று தள்ளும், இரண்டு கையும் கைப்பிடியில் இருக்கட்டும். பாலத்தின் மேல் நின்று போட்டோ எடுக்க வேண்டாம். தாண்டிய பிறகு ஓரத்தில் நிற்க இடம் இருக்கிறது.

முகூர்த்த நாட்களில் திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள் கோயில் முன்னால் வேன்களும் கார்களும் குறுக்கே திரும்பிக்கொண்டிருக்கும். நாள்காட்டியில் முகூர்த்தம் பார்ப்பது கல்யாணத்துக்கு மட்டும் இல்லை, இந்த ரூட்டுக்கும் உதவும்.

இ.சி.ஆர். – ஓ.எம்.ஆர். சுற்றை எந்தத் திசையில் ஓட்ட வேண்டும்?

இதற்கு நாங்கள் உறுதியாகச் சொல்லும் பதில்: ஓ.எம்.ஆரில் தெற்கே போய், இ.சி.ஆரில் வடக்கே திரும்புங்கள்.

காரணம் மூன்று. முதலாவது, நாம் இடதுபுறம் ஓட்டுகிறோம். இந்தத் திசையில் சுற்றினால் கேளம்பாக்கத்தில் இடது, கோவளம் சந்திப்பில் மறுபடி இடது. வேகமாக வரும் வண்டிகளை வெட்டி வலது திரும்பும் வேலையே இல்லை. எதிர்த்திசையில் போனால் இரண்டு பெரிய சந்திப்பிலும் வலது திரும்ப வேண்டும். இரண்டாவது, ஓ.எம்.ஆர். விடியற்காலை 6 மணி வரைதான் நமக்கு. அதற்குப் பிறகு கம்பெனி பஸ்கள் இறங்கும், மெட்ரோ தடுப்புகளுக்கு நடுவே சைக்கிளுக்கு இடமில்லை. ஆகவே அதை முதலில் முடித்துவிட வேண்டும். மூன்றாவது, விடுமுறைக் காலையில் சுற்றுலா வண்டிகள் நகரத்திலிருந்து தெற்கு நோக்கிப் போகும். நீங்கள் 7 மணிக்கு இ.சி.ஆரில் வடக்கே வரும்போது உங்கள் பக்கம் காலியாக இருக்கும்.

திருவான்மியூரில் தொடங்கி டைடல் பார்க், சோழிங்கநல்லூர், நாவலூர், கேளம்பாக்கம், கோவளம், மறுபடி திருவான்மியூர் என்றால் 50 கி.மீ. அளவில் வரும். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்பவர்கள் கேளம்பாக்கத்தில் திரும்பாமல் திருப்போரூர் போய், கந்தசாமி கோயில் ஊருக்குள் இட்லி சாப்பிட்டுவிட்டு, நெம்மேலி சாலையில் இ.சி.ஆரைப் பிடிக்கலாம். மொத்தம் 70 கி.மீ. அளவில். உப்பங்கழியை ஒட்டிப் போகும் அந்த ஐந்தாறு கிலோமீட்டர்தான் இந்தச் சுற்றின் சிறந்த பகுதி. பனிக்காலக் காலையில் நீர்ப்பறவைகள் நிறைய இறங்கியிருக்கும். நிழல் கிடையாது, கடையும் கிடையாது. திருப்போரூரிலேயே தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள்.

மாமல்லபுரம் வரை போய் அதே வழியில் திரும்ப அலுப்பாக இருக்கிறது. மாற்று உண்டா?

உண்டு. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் 15 கி.மீ. அளவில், அங்கிருந்து செங்கல்பட்டு இன்னொரு 14. வயல், ஏரி, புளியமரச் சாலை என்று இ.சி.ஆருக்கு நேர்மாறான வழி. ஆனால் செங்கல்பட்டிலிருந்து ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் சைக்கிளில் நகரத்துக்குத் திரும்புவதை நாங்கள் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. கனரக வண்டிகள், மேம்பால இணைப்புகள், ஓரமாக நிற்கும் லாரிகள். திருக்கழுக்குன்றம் வரை போய் மாமல்லபுரத்துக்கே திரும்புங்கள், அல்லது செங்கல்பட்டில் சைக்கிளை வண்டியில் ஏற்றும் ஏற்பாட்டை முன்பே செய்துகொள்ளுங்கள்.

சென்னையில் ஏற்றமே இல்லை. மலை ரைடுக்கு எங்கே பழகுவது?

பரங்கிமலை. சுமார் 300 அடி உயரக் குன்று, உச்சியில் 1523-இல் போர்ச்சுகீசியர் கட்டிய தேவாலயம். வாகனம் ஏறும் சாலை குறுகியது, செங்குத்தானது. ஒரு முறை ஏறுவது பெரிதில்லை. ஐந்தாறு முறை ஏறி இறங்குவதுதான் பயிற்சி. வழிபாட்டு நேரத்தில் போகாதீர்கள். இறங்கும்போது நடந்து வருபவர்களுக்கு வழிவிடுங்கள். அங்கே கிடைக்கும் அனுமதி, நாம் நடந்துகொள்ளும் முறையைப் பொறுத்தது.

ஏற்றத்தில் செய்யும் பொதுவான தவறு, பாரம் விழுந்த பிறகு கியரைக் குறைப்பது. சங்கிலி இறுகியிருக்கும்போது மாற்றினால் தாவும், சில நேரம் அறுந்தும் போகும். ஏற்றம் தொடங்குமுன்பே சிறிய கியருக்கு வந்துவிடுங்கள்.

நீண்ட மிதமான ஏற்ற இறக்கம் வேண்டுமென்றால் வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையின் வண்டலூர் பக்கத்துப் பாதி. கல்லூரி பஸ்கள் 7 மணியிலிருந்து வரும், அதற்குள் முடித்துவிடுங்கள். முழு நாள் ஒதுக்க முடிந்தால் திருத்தணி. மலைமேல் முருகன் கோயில் வரை சாலை போகிறது. ஆடிக் கிருத்திகையை ஒட்டிய நாட்களில் அந்தப் பக்கமே வேண்டாம், காவடிக் கூட்டத்தில் நடக்கவே இடமிருக்காது.

வடக்கேயும் மேற்கேயும் ரூட்டே இல்லையா? எல்லாரும் இ.சி.ஆரையே சொல்கிறார்களே?

இருக்கிறது. நகரத்தைத் தாண்டும் பகுதிதான் பிரச்சினை. எண்ணூர், மணலி, மீஞ்சூர் சாலைகளில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடும். அந்த ஓட்டுநருக்கு இடப்பக்கம் ஒட்டி வரும் சைக்கிள் கண்ணில் படாது. ஆகவே பழவேற்காடு போக விரும்புபவர்கள் பொன்னேரி வரை சைக்கிளைக் காரில் கொண்டுபோய், அங்கிருந்து ஓட்டுங்கள். போய் வர 40 கி.மீ. அளவில். டச்சுக் கல்லறைகளும், பனிக்காலத்தில் ஏரியில் பூநாரைகளும் அங்கே காத்திருக்கும். காலைக் காற்று ஏரிப்பக்கம் பலமாக இருக்கும்.

மேற்கே, திருவள்ளூரில் தொடங்கிப் பூண்டி நீர்த்தேக்கம். மரநிழல் அதிகம், வண்டி குறைவு. செம்பரம்பாக்கம் பக்கம் போகிறவர்கள் குன்றத்தூர் வழியைத் தேர்ந்தெடுங்கள். திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலை லாரிகள் ஓடும் சாலைகளைத் தவிருங்கள். ஏரிக்கரை மீது ஓட்டுவது அழகாகத் தெரியும், ஆனால் கரை நீர்வளத் துறையின் இடம். காவலர் வேண்டாம் என்றால் திரும்பிவிட வேண்டும். அந்த வழியை ரூட்டில் போட்டுப் பகிரவும் கூடாது.

எந்த மாதத்தில் எத்தனை மணிக்குக் கிளம்புவது? காற்று எந்தப் பக்கம்?

சென்னையில் சூரிய உதயம் மே இறுதி, ஜூனில் 5:42 வாக்கில். ஜனவரி கடைசியில் 6:35 வாக்கில். ஏறக்குறைய ஒரு மணி நேர வித்தியாசம். கோடையில் 5 மணிக்குக் கிளம்பினால் முக்கால் மணியில் வெளிச்சம் வந்துவிடும். ஜனவரியில் அதே 5 மணிக்குக் கிளம்பினால் ஒன்றரை மணி நேரம் இருட்டில் ஓட்ட வேண்டும். பழைய ரூட் குறிப்பைப் பயன்படுத்தும்போது அது எந்த மாதம் எழுதப்பட்டது என்று பாருங்கள்.

கடற்கரைச் சாலையில் காற்றுத்தான் உங்கள் மலை. மார்ச் முதல் மே வரை கடற்கரையில் தெற்கத்திக் காற்று. மாமல்லபுரம் போகும்போது முகத்தில் அடிக்கும், திரும்பும்போது முதுகில் தள்ளும். இது நல்ல ஏற்பாடு. நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து. போகும்போது பறப்பது போலிருக்கும், "இன்றைக்கு நல்ல ஃபார்ம்" என்று நினைத்துக்கொண்டு கல்பாக்கம் வரை போய்விடுவார்கள். திரும்பும் 60 கி.மீ. முழுவதும் எதிர்காற்று. இந்த மாதங்களில் திரும்ப வேண்டிய இடத்தைக் கிளம்புமுன்பே முடிவு செய்து, கால் நன்றாக இருந்தாலும் அங்கே திரும்புங்கள். ஜூன், ஜூலையில் மேற்குக் காற்று, இ.சி.ஆரில் பக்கவாட்டில் அடிக்கும்.

அக்னி நட்சத்திர நாட்களில் 8 மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும். போகியன்று காலை ஓட்டவே வேண்டாம், புகையில் எதிரே வரும் வண்டி தெரியாது. மழைக்காலத்தில் சாலையை மூடி நிற்கும் தண்ணீருக்குள் இறங்காதீர்கள். மூடி இல்லாத வடிகால் குழி எங்கே இருக்கிறது என்று மேலிருந்து தெரியாது. செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் பக்கம் பெருமழைக்குப் பிறகு தண்ணீர் வடிய நாளாகும்.

ஒவ்வொரு ரைடிலும் பஞ்சர். டயர் மட்டமா?

பெரும்பாலும் சீமைக்கருவேல முள். திருப்போரூர் – நெம்மேலி சாலை, ஏரிக்கரைகள், சாலையோர மண்பாதை எங்கும் அதுதான். ஓரம் வெட்டிச் சுத்தம் செய்த மறுநாள் முள்ளெல்லாம் தாரின் மேல் கிடக்கும். முள் டயருக்குள் ஒடிந்து நின்றுவிடும். புதிய டியூப் போட்டாலும் ஐந்து நிமிடத்தில் மறுபடி காற்று இறங்குவது அதனால்தான்.

செய்ய வேண்டியது: டியூபைக் கழற்றும்போது வால்வு டயரில் எந்த இடத்தில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். டியூபில் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடித்து, வால்விலிருந்து அதே தூரத்தில் டயரைத் தேடுங்கள். உட்புறம் துணியால் மெதுவாகத் துடைத்தால் முள் துணியில் மாட்டும். வெறும் விரலால் தடவினால் கிழிக்கும். முள்ளை வெளிப்பக்கமிருந்து பிடுங்க வராவிட்டால் உள்ளே தள்ளி எடுங்கள். பிறகு டியூபில் லேசாகக் காற்றடித்து, முறுக்கில்லாமல் உட்கார வைத்து, டயரைக் கையாலேயே ஏற்றுங்கள். லீவரால் ஏற்றினால் டியூப் நெரிந்து பாம்புக்கடி போல் இரண்டு ஓட்டை விழும்.

பையில் இருக்க வேண்டியது: உங்கள் சக்கர அளவுக்கு இரண்டு டியூப், ஒட்டுப் பெட்டி, இரண்டு லீவர், பம்ப், சங்கிலி கழற்றி உள்ள சாவித் தொகுப்பு, அறுந்த சங்கிலியை இணைக்க ஒரு குயிக் லிங்க் (கழற்றி மாட்டும் கண்ணி). வழியோர பஞ்சர் கடையில் பைக் டியூப் மட்டுமே இருக்கும். ப்ரெஸ்டா வால்வுக்கு (சில சைக்கிள் டியூபில் இருக்கும் மெல்லிய வால்வு) காற்றடிக்கும் முனையும் இருக்காது. சிறிய பித்தளை அடாப்டர் ஒன்றை வால்விலேயே மாட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றழுத்தம்: 70 கிலோ எடையுள்ளவருக்கு 25 மி.மீ. டயரில் 80 முதல் 90 பி.எஸ்.ஐ., 28-இல் 70 முதல் 80, 32-இல் 60 அளவில். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. அதுவரை அடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. நம் சாலைகளில் கல் போல் அடித்த டயர் பிடியை இழக்கும், கையும் மரத்துப்போகும்.

தண்ணீர், சாப்பாடு எவ்வளவு?

மணிக்கு 500 முதல் 750 மி.லி. தண்ணீர். தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம், 15 நிமிடத்துக்கு இரண்டு மடக்கு. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் என்றால் உப்பும் வேண்டும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரையுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டை அரை லிட்டர் பாட்டிலில் முழுதும் கொட்டினால் வயிறு புரட்டும். இளநீர் நல்லது, அதில் சோடியம் குறைவு, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக்கொள்ளலாம். தலைவலி, குமட்டல், வெயிலில் சிலிர்ப்பு ஏதாவது வந்தால் ரைடு முடிந்தது. நிழலில் உட்கார்ந்து உடம்பை நனைத்துக்கொள்ளுங்கள். நண்பர் குழறிப் பேசினாலோ தள்ளாடினாலோ உடனே 108.

நாய் துரத்தினால்?

வேகத்தைக் குறையுங்கள். துரத்துவது நாய்க்குப் பழக்கம், வேகம் குறைந்ததும் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்கவில்லையென்றால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடந்து போங்கள். காலால் உதைத்தால் நிலை தவறி விழுவீர்கள். கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். காயம் சிறிதென்று விடக் கூடாது. நாய்கள் அதிகமுள்ள தெருவை ரூட் குறிப்பில் கட்டாயம் எழுதுங்கள்.

பத்துப் பேர் சேர்ந்து வருகிறோம். எப்படி ஓட்டுவது?

ஐந்து ஐந்தாகப் பிரியுங்கள். பத்துப் பேர் நீண்ட வரிசையில் போனால் பஸ்ஸால் தாண்ட முடியாது, நடுவில் நுழையப் பார்க்கும். முன்னால் வழி தெரிந்தவர், கடைசியில் பலமானவர். கடைசியில் வருபவரிடம் பம்பும் டியூபும் இருக்க வேண்டும். ஏனென்றால் பஞ்சர் ஆனவர் எப்போதும் அவர் கைக்குத்தான் வருவார். குழியைக் கையால் காட்டி, குரலும் கொடுங்கள். சிக்னலில் பிரிந்துவிட்டால் முன்னால் போனவர்கள் அடுத்த குறிப்பிட்ட நிறுத்தத்தில் காத்திருக்க வேண்டும், சாலையோரத்தில் எங்கே வேண்டுமானாலும் இல்லை. நிறுத்தங்களை முன்பே ரூட்டில் குறித்து அனுப்புவது இதற்காகத்தான்.

200 கி.மீ. பிரெவே (கால வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ரைடு) ஓட்ட ஆசை. இந்த ரூட்டுகள் உதவுமா?

உதவும். 200 கி.மீ. பிரெவேக்குக் கால வரம்பு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27, 600-க்கு 40. வேகத்தை விட நிற்கும் நேரத்தைக் குறைப்பதுதான் பாடம். திருவான்மியூர் – மாமல்லபுரம் போய் வருவதை எதிர்காற்று மாதத்திலும் நிதானமாக முடிப்பவர், அடுத்து மரக்காணம் பக்கம் நீட்டலாம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே நான்குவழி வேலை நடக்கும் பகுதிகளில் மாற்றுப்பாதைகள் இருக்கும். இருட்டில் முதல் முறை அங்கே போகாதீர்கள்.

நடுவழியில் சைக்கிள் உடைந்தால் வீடு திரும்புவது எப்படி?

இ.சி.ஆர்., ஓ.எம்.ஆர். இரண்டிலும் குட்டியானை (சிறிய சரக்கு வண்டி) கிடைக்கும். முட்டுக்காடு, கோவளம், கேளம்பாக்கம், திருப்போரூர் சந்திப்புகளில் காலையிலேயே நிற்கும். முன்சக்கரத்தைக் கழற்றினால் ஆட்டோவின் பின்சீட்டிலும் ஒரு சைக்கிள் அடங்கும். ஏற்றும்போது கியர் பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வையுங்கள், கீழே வைத்தால் பின் கியர் மாற்றியைத் தாங்கும் உலோகத் துண்டு வளைந்துவிடும். வாடகையை ஏற்றுமுன் பேசிக்கொள்ளுங்கள். கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள், உப்பங்கழிப் பக்கம் சில இடங்களில் சிக்னல் இல்லாமல் பணம் அனுப்ப முடியாது. வீடு வந்ததும், உடைந்த இடம் குழியா, இரும்புப் பட்டையா என்பதை அந்த ரூட் குறிப்பில் தேதியோடு ஒரு வரி சேர்த்து, முன்பு வாங்கிக்கொண்ட எல்லாருக்கும் மறுபடி அனுப்புங்கள். அடுத்த ஞாயிறு அதே சாலையில் இருட்டில் வேறொருவர் வருவார்.